நியாயமான காலம், காலை ஒன்பது பன்னிரண்டு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் கணவர் சொல்வார். அதைப் பொய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு வசந்த காலம், வீடு திருத்த வந்து ஏமாற்றிய ஒருவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல டொரோண்டோ நகர நடுவில் இருந்த நீதிமன்றத்துக்குப் போனபோதும் அந்தக் கோபத்தோடுதான் போனேன். அங்கே நடந்தது நான் நினைத்துப் போனது அல்ல. அந்த மனிதரை விசாரிப்பார்கள் என்று பார்த்தால், அவரைப் பிடித்த சட்டத்தை நிற்கவைத்து விசாரித்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த வியப்பு என்னை விட்டுப் போகவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு வெட்கமும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஒரு சின்னச் செங்கல் வீடு வாங்கிக் குடியேறி இரண்டு வருடம். இப்போது இருப்பதுபோல் தெருவுக்குத் தெரு தமிழ்க் கடையும் கோயிலும் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு வீட்டு வரவேற்பறைக்குள் அடக்கிவிடலாம். நல்லது கெட்டதுக்கு நாள் பார்த்துச் சொல்ல ஐயர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் வரும் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நானே நாள் பார்ப்பேன். மற்றக் குடும்பங்களுக்கும் தொலைபேசியில் பார்த்துச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. என் கணவர் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைபடம் கீறுபவர். அவருக்குப் பஞ்சாங்கம் என்றாலே சிரிப்பு.

"உம்மட்டைக் கேட்டுத்தான் இஞ்ச சூரியன் உதிக்குதோ?" என்பார்.

பக்கத்து வீட்டில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு அம்மா தனியாக இருந்தார். கணவர் பஸ் ஓட்டியவர். இறந்து பல வருடம். நாங்கள் வந்த முதல் குளிர்காலம், நாங்கள் எழும்புவதற்கு முன்பே எங்கள் வாசற்படிப் பனியையும் தன்னுடையதோடு சேர்த்து வழித்துவிட்டுப் போய்விடுவார். நன்றி சொன்னால், பனி அள்ளும் சவல் கையில் இருந்தது, செய்தேன் என்பார். நான் கொழுக்கட்டை அவித்தால் அவருக்கு ஒரு தட்டுப் போகும். அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனாலும் நினைத்துப் பார்க்கும்போது அவர் எங்கள் பேச்சிலேயே கதைத்ததுபோல்தான் என் காதில் கேட்கிறது.

எங்கள் வீட்டு பேஸ்மென்ட் சுவரால் பனி உருகும் காலத்தில் தண்ணீர் கசிந்தது. வெளியே மண்ணை வெட்டி, சுவருக்குத் தார் பூசி அடைக்க வேண்டும். ஆனி மாதக் கடைசியில் ஒரு கொந்தராத்துக்காரர், இப்படி வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுப்பவர், வந்து பார்த்தார். நகரசபை உரிமம் வைத்திருந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இந்த நாட்டில் அதுவரை எந்த வேலைக்காரரும் எங்கள் வீட்டுக்குள் சப்பாத்துக் கழற்றியதில்லை. அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

"வரும் திங்கட்கிழமை தொடங்கலாம்," என்றார்.

திங்கட்கிழமை ஆடி பிறந்துவிடும். ஆடியில் வீட்டைச் சுற்றி மண் வெட்டுவதா? நான் பஞ்சாங்கத்தை எடுத்து வந்து, ஆவணி பிறந்து நாலாம் நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பது பன்னிரண்டு முதல் பத்து இருபது வரை நல்ல நேரம், அதற்குள் முதல் மண்ணை வெட்ட வேண்டும் என்றேன். எங்களுக்கு ஆடி ஆகாத மாதம் என்றும் விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. மதிப்பீட்டுத் தாளை முழங்காலில் வைத்து, 'வியாழன், 9:12' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்து ஒரு பிரதியை எனக்குத் தந்தார். முற்பணத்தையும் வாங்கிக்கொண்டார். என் கணவர் சிரிப்பை அடக்க யன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"அப்படியென்றால் எனக்கு ஒரு மாதம் ஓய்வு," என்றார் கொந்தராத்துக்காரர். "இந்தப் பக்கத்தில் வேறு யாருக்காவது வேலை இருக்கிறதா?"

பக்கத்து வீட்டு அம்மாவின் சமையலறைச் சீலிங்கில் மழைநீர்க் கறை இருந்தது எனக்குத் தெரியும். நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். "நல்ல மனுசன். எங்கட நாள் நட்சத்திரத்தையே மதிக்கிறார், நம்பிக் குடுக்கலாம்," என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை இது. பஞ்சாங்கத்துக்குத் தலையாட்டியவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று எனக்குள் ஒரு முடிவு.

அவர் சொன்னதுபோல அந்தத் திங்கட்கிழமையே பக்கத்து வீட்டில் தொடங்கினார். பழைய சீலிங்கை இடித்தார், கூரையில் கொஞ்சம் பிரித்தார், புதுப் பலகை அடித்தார். முதல் இடிமழைக்கு அந்தப் பலகைகள் வயிறு ஊதித் தொங்கி, ஒன்று அடுப்புக்கு மேலேயே விழுந்தது. நல்ல காலம், அந்த அம்மா அப்போது தோட்டத்தில் நின்றார். கொந்தராத்துக்காரர் வந்து ஒரு தார்ப்பாயைக் கூரையில் போட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனவர்தான். ஆவணி நாலாம் நாள் நான் விளக்கேற்றி, ஒரு தட்டில் பூவும் மஞ்சளும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒன்பது பன்னிரண்டு வந்தது, பத்து இருபதும் வந்தது. அவர் வரவில்லை. பிறகும் வரவேயில்லை.

இலையுதிர்கால மழைக்கு எங்கள் பேஸ்மென்டில் கணுக்கால் அளவு தண்ணீர். அது போகட்டும், எங்களுக்குச் சம்பளம் வந்தது, சமாளித்தோம். பக்கத்து வீட்டு அம்மாவோ தலைக்கு மேல் பிளாஸ்ரிக் விரிப்பைக் கட்டி, அதன் கீழ் நின்று தேநீருக்குக் கேத்தில் வைத்தார். குளிர்காலத்தில் சமையலறைக் கதவை மூடி இடுக்கில் துணி அடைத்துவிட்டு, படுக்கையறையில் ஒரு சின்ன மின்னடுப்பில் சூப் காய்ச்சிக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நாங்கள் இரண்டு வீட்டாரும் நகரசபை உரிமக் கந்தோருக்குப் போய் அதிகாரிகளிடம் முறைப்பாடு செய்தோம். நகரசபை போடும் சட்டத்துக்கு உபவிதி என்று பெயர். வீடு திருத்துபவர்களுக்கான உபவிதியில் இரண்டு கட்டளை இருந்தது: ஒப்புக்கொண்ட வேலையை நியாயமான காலத்துக்குள் தொடங்க வேண்டும், சரியான முறையில் செய்ய வேண்டும். முதலாவதை மீறியதாக எங்கள் வீட்டுக்காக ஒரு குற்றச்சாட்டு, இரண்டாவதை மீறியதாக அந்த அம்மா வீட்டுக்காக ஒன்று. குற்றம் நிரூபணமானால், உரிமம் எடுக்கும்போது அவர் வைத்த பிணையைக் கொண்டு நகரசபை வேறொருவரை விட்டு வேலையை முடித்துத் தரும். ஓய்வூதியத்தில் சீவிக்கும் அந்த அம்மாவுக்குச் சீலிங் திரும்ப ஏற அது ஒன்றுதான் வழி. எனக்கும் அது ஒன்றுதான் கவலை.

வழக்குக்கு முதல்நாள் என் கணவர் சாப்பாட்டு மேசையில் கையைக் கழுவாமலே இருந்து புத்தி சொன்னார்.

"இஞ்சரும், கோட்டில பஞ்சாங்கம் கிஞ்சாங்கம் எண்டு வாயைத் திறந்திடாதையும். எங்கட வசதிக்கு அந்த நாளைக் குடுத்தனாங்கள் எண்டு சொல்லும். வெள்ளைக்காரர் சிரிப்பினம்."

"சிரிச்சால் சிரிக்கட்டுமே."

"சிரிச்சால் பரவாயில்லை. வழக்குத் தோத்தால் அந்த மனுசிக்கு என்ன சொல்லுவீர்?"

சரி, சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸும் சப்வேயும் எடுத்து மூன்று பேரும் போனோம். மணிக்கூட்டுக் கோபுரம் வைத்த பழைய பெரிய கட்டடம். உள்ளே உயர்ந்த கூரை, கல் படிகள், ஆட்களின் காலடிச் சத்தம். ஊர்க் கோட்டில் வாதாடும் அப்புக்காத்துமார் கறுப்பு அங்கியில் பறப்பதைப் பார்த்தவள் நான். இங்கே கொந்தராத்துக்காரருக்காக வந்தவர் மண்ணிறக் கோட்டும் கழுத்தில் அகலமான ரையும் கட்டிய ஒரு இளம் சட்டத்தரணி. இவர் என்னத்தை வாதாடப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்து, என் கட்சிக்காரர் அந்த வேலையைச் செய்தாரா இல்லையா என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம் என்றார். அதற்கு முதல், இந்த உபவிதியே செல்லாது என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. கணவரைப் பார்த்தேன். அவரும் வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

"எதைச் செய்தால் குற்றம் என்பது ஒரு மனிதனுக்கு அதைச் செய்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்," என்றார் அவர். "'சரியான முறை' என்கிறது உபவிதி. யாருடைய கண்ணுக்குச் சரி? 'நியாயமான காலம்' என்கிறது. எத்தனை நாள் நியாயம்? சட்டம் எழுதியவர்களுக்கே தெரியாததை என் கட்சிக்காரர் எப்படித் தெரிந்துகொள்வார்?"

பிறகு நகரசபையின் சொந்தப் பரிசோதகர்கள் இருவரையே கூண்டில் ஏற்றிக் கேட்டார். சீலிங் பலகைக்கு ஆணி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று அடித்தால் சரியான முறை? முதலாமவர் எட்டு என்றார். இரண்டாமவர் பன்னிரண்டு என்றார். இருவரும் அதே கந்தோரில், அடுத்தடுத்த மேசையில் வேலை செய்பவர்கள். சட்டத்தரணி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டோ பன்னிரண்டோ, அந்த ஆள் அடித்தது அதிலும் கால்வாசி இல்லையே! ஆனால் கோபத்துக்கு நடுவே உடம்பு புல்லரித்ததையும் மறைக்க மாட்டேன். நான் விட்டு வந்த நாட்டில் சட்டம் வர்த்தமானி என்ற அரசிதழில் வரும். வந்தால் வந்ததுதான். அப்போது அங்கே புதிதாக வந்திருந்த அரசியலமைப்பில், நிறைவேறிய சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என்றே எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் சட்டத்துக்குப் பயந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே ஒருவர், அதுவும் ஒரு ஏமாற்றுக்காரருக்காக, சட்டத்தைப் பார்த்து, நீ முதலில் விளங்கும்படி பேசு என்கிறார். நீதிபதி கோபிக்காமல் அதைக் குறித்துக்கொள்கிறார். மழைக்குக் கரைந்த ஒரு சீலிங்குக்காக அரசாங்கத்தின் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். சந்தையில் சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல. எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று கணவர் கேட்டபோது தூசி என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தை நீட்டினார்கள். அது என்னுடையது அல்ல என்றேன். அப்படியென்றால் உண்மை சொல்வேன் என்று வாயால் உறுதி சொன்னால் போதும் என்றார் நீதிமன்ற எழுதுவினைஞர். என் வாய்ச்சொல்லையே போதும் என்று எடுத்துக்கொண்டது எனக்குள் ஏதோ செய்தது. கணவருக்குக் கொடுத்த வாக்கு அந்த நிமிடமே ஆட்டம் கண்டுவிட்டது.

இளம் சட்டத்தரணி மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"அம்மா, என் கட்சிக்காரர் ஜூலையில் தொடங்க வந்தார். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். அப்படித்தானே?"

"ஓம்," என்றேன். பிறகு ஆங்கிலத்தில் ஆமாம் என்று திருத்தினேன்.

"ஏன்?"

வசதிக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். முன்வரிசையில் பக்கத்து வீட்டு அம்மா தொப்பி வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆடி மாதம் எங்களுக்கு ஆகாது, பஞ்சாங்கம் பார்த்து ஆவணியில் நாள் கொடுத்தேன் என்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். கணவர் தலையைக் கையால் தாங்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

சட்டத்தரணி நீதிபதியிடம் திரும்பினார். "இதைத்தான் சொல்கிறேன். இந்த அம்மாவுக்கு நியாயமான காலத்தைக் கிரகங்கள் சொல்கின்றன. எனக்கு வேறு, உங்களுக்கு வேறு. இப்படிப்பட்ட ஒரு சொல்லை வைத்து ஒருவரைத் தண்டிப்பதா?"

என் மூக்கு நுனிக் கோபம் அப்போதுதான் வேலைக்கு வந்தது.

"ஐயா, உங்கட உபவிதியிலதான் நாளும் இல்லை, மணியும் இல்லை. என்ர புத்தகத்தில இருக்கு," என்றேன். "வியாழக்கிழமை, காலை ஒன்பது பன்னிரண்டு. அவரே தன்ர கையால எழுதினவர்."

நீதிபதி அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஒன்பது பன்னிரண்டுக்கு வருவதாக எழுதிக் கொடுத்த கொந்தராத்துக்காரரை என் வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

சட்டத்தரணி விடவில்லை. அந்தப் புத்தகம் எங்கே அச்சானது என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் என்றேன். அதிலுள்ள நேரம் எந்த ஊர் நேரம் என்று கேட்டார். வந்த நாளிலிருந்து எத்தனை குடும்பங்களுக்கு நாள் பார்த்துச் சொல்லியிருப்பேன்! ஒருதரம்கூட அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அவர் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒன்பதரை மணி வித்தியாசம். அங்கே வியாழன் காலை ஒன்பது பன்னிரண்டு என்றால், இங்கே முதல்நாள் புதன்கிழமை இரவு பதினொன்று நாற்பத்திரண்டு, எல்லோரும் போர்த்துப் படுத்திருக்கும் நேரம். மறுபடி சிரிப்பு. இந்த முறை என்னைப் பார்த்து.

"நட்சத்திரம் பிழைச்சது என்ர பாடு," என்றேன். கொந்தராத்துக்காரரைக் கையால் காட்டினேன். "நான் இவருக்குச் சொன்னது இவர் கையில கட்டியிருக்கிற மணிக்கூட்டில ஒன்பது பன்னிரண்டு. அதுக்கு இவர் வரேல்லை."

நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் நான் வெற்றியோடு இறங்கியிருப்பேன். சட்டத்தரணி உட்காரப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"இன்னும் ஒரு கேள்வி. அந்த ஆகாத மாதத்தில் உங்கள் வீட்டுச் சுவரைத் தொட விடவில்லை. அதே மாதத்தில் அவரை உங்கள் அயலவர் வீட்டுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போனீர்கள். ஏன் அம்மா?"

அவர் என்னை மடக்கக் கேட்டாரா, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய மாதத்தை அடுத்த வீட்டுக் கூரையில் ஏற்றிவிட்டிருக்கிறேன். அதை ஒருநாளும் அப்படி நான் நினைத்ததே இல்லை. நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த அம்மாவும் தொப்பிக்குக் கீழிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாதம் எங்களுக்கு மட்டும்தான் எண்டு நினைச்சன்," என்றேன். "அவவுக்கும் ஒரு மாதம் இருக்கும் எண்டு நான் யோசிக்கேல்லை."

யாரும் சிரிக்கவில்லை.

சப்வேயில் வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டு அம்மா என் எதிரில் உட்கார்ந்து யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "போயிட்டு வாறன்," என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லை. அடுத்ததுக்கும் வரவில்லை. நான் கொண்டுபோன தட்டைக் கதவடியில் வாங்கி, நன்றி சொல்லி, கதவைச் சாத்தினார். என் கணவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "நீர் சொன்னது உண்மைதானே," என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. நீதிபதி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வாசித்தார். 'நியாயமான காலம்' என்பது அகலமான சொல்தான் என்றார். ஓரங்களில் மங்கலாக இருக்கும். ஆனால் இந்த இரண்டு பேருக்கிடையில் காலம் நிமிடக் கணக்கில் எழுதிக் கையெழுத்தாகியிருக்கிறது. மணியைத் தன் கையால் எழுதியவர் எனக்கு நேரம் தெரியாது என்று சொல்ல முடியாது. முதற்குற்றம் நிரூபணம்.

என் கணவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் அடுத்ததைக் கேட்கக் காத்திருந்தேன்.

'சரியான முறை' நிற்காது என்றார் நீதிபதி. உபவிதியில் அளவு இல்லை, வரைபடம் இல்லை, வேறு எந்த விதியையும் பார்க்கச் சொல்லவும் இல்லை. நகரசபையின் பரிசோதகர்களே ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மாவோ கொந்தராத்துக்காரரிடம், உங்கள் வீட்டுக்குச் செய்வதுபோல் செய்யுங்கள் என்று மட்டும் வாயால் சொல்லியிருந்தார். தாளில் ஒன்றும் இல்லை. அந்தப் பிரிவு தெளிவில்லாததால் செல்லாது. இரண்டாம் குற்றச்சாட்டு தள்ளுபடி.

பிறகு அவர் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, நேரே பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்துப் பேசினார். "அம்மா, நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் நம்புகிறேன். உங்கள் சீலிங் மோசமான வேலை என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சட்டம் எழுதுகிறவர்கள் எழுதாமல் விட்டதை, இவரைத் தண்டிப்பதற்காக இங்கிருந்து நான் எழுதிச் சேர்க்க முடியாது. அதற்காக வருந்துகிறேன்."

ஒரு நீதிபதி ஒரு கிழவியிடம் வருந்துகிறேன் என்று சொன்னதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஏமாற்றியவன் பாதி தப்பினான், நம்பியவருக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த அறையில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றை அதற்குப் பிறகு நான் கோயிலில்கூட உணர்ந்ததில்லை. அதே நேரம் கணக்கும் கண்ணுக்கு முன்னால் நின்றது. என் சுவருக்குத் தார் பூசப் பிணை இருக்கிறது, அவருடைய சீலிங்குக்கு இல்லை. கிரகத்தை நம்பியவள் வென்றேன், மனுசரை நம்பியவர் தோற்றார்.

வெளியே கல் படியில் நின்று நான் அழுதேவிட்டேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தனான். அந்த மாதத்தில," என்றேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

"எனக்கு உம்மில கோவம்தான்," என்றார். "நீதவானில கோவமில்லை. அவர் சொன்னது சரி, என்ர குசினிச் சீலிங்குக்காகச் சட்டத்தை வளைக்கேலாது. உம்மில கோவம், சீலிங் ஏறுமட்டும் இருக்கும். அதால கெதியா ஏத்துவம். ஞாயிற்றுக்கிழமை வாரும், பேனையும் கொண்டு வாரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சமையலறையில், பிளாஸ்ரிக் விரிப்புக்குக் கீழ், நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு தச்சர் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அந்த அம்மா மோதிரத்தை விற்றாரா, சேமிப்பை உடைத்தாரா என்று நான் கேட்கவில்லை. பாதிச் செலவு எங்களுடையது என்று என் கணவர் சொன்னபோது அவர் மறுக்கவும் இல்லை. வேலைக்கான தாளை மட்டும் நாங்களே எழுதுவது என்று முடிவாயிற்று. கணவர் வரைபடம் கீறினார். பலகை என்ன தடிப்பு, ஆணி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, எந்த நாள், எத்தனை மணி, எந்த ஊர் மணி, எல்லாம் நான் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் அந்த அம்மா என்னை நிறுத்தினார்.

"அந்த மண்ணிறக் கோட்டுப் பெடியன் இதில ஓட்டை கண்டுபிடிப்பானோ?"

யோசித்தோம். கண்டுபிடிப்பான் என்று தோன்றினால் வெட்டித் திரும்ப எழுதினோம். 'உறுதியாக' என்ற சொல்லுக்கு மட்டும் அரை மணி நேரம் போனது. அதற்குப் பதிலாக, நடுவில் ஒரு ஆள் கையால் தொங்கினாலும் அசையாதபடி என்று எழுதினோம். யார் தொங்குவது என்று அவர் கேட்டார். கணவர் தன் நிறையை எழுதச் சொன்னார். அந்த வருடம் அந்தச் சமையலறையில் அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

கடைசி வரிக்கு வந்து பேனையை மூடினேன்.

"இன்னும் ஒண்டு இருக்கு," என்றார் அந்த அம்மா. "உம்மட அந்த ஆகாத மாதம் எப்ப தொடங்குது?"

"ஜூலை நடுவில. ஆனா அது உங்களுக்கு இல்லை..."

அவர் என்னை முடிக்க விடவில்லை.

"ஒரே தெரு, ஒரே மழை. உமக்கு ஆகாத மாதம் எனக்கு மட்டும் எப்பிடி ஆகும்? அந்த மாதத்தில என்ர கூரையிலயும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. எழுதும்."

எழுதினேன்.